மான் ஸ்கோப்புக்குள் சிக்கவில்லையா? ஜூம் ஸ்கோப் தொல்லைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ரைஃபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதில் "4-12 வாங்கவா, 6-24 வாங்கவா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இப்போது கையில் இருக்கும் ஸ்கோப்பில் என்ன தொல்லை? பதில் தெளிவாக வந்தால் எந்த அளவு வாங்குவது என்பது தானாகவே தெரிந்துவிடும். பாதிப் பேருக்குப் புது ஸ்கோப்பே தேவைப்படாது.

எண்களை ஒரு தடவை பார்த்துவிடுவோம். 3-9×40 என்றால் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர். கடைக்குப் போனால் எல்லோர் கண்ணும் அந்த நடு எண்ணில்தான் நிற்கும். 9 பெரிதா, 24 பெரிதா என்று. என்னைக் கேட்டால் முதல் எண்ணைப் பார்க்கச் சொல்வேன். நான் பார்த்த வரையில் ஸ்கோப் சரியில்லை என்று புலம்புபவர்களில் அதிகம் பேருக்குத் தொல்லை கொடுப்பது மேல் எண் போதாதது இல்லை, கீழ் எண் மிகையாக இருப்பதுதான்.

நான் சுடுவது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். நவம்பர் கடைசியில், நன்றியறிதல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, ரைஃபிள் மான் சீசன் தொடங்கும். மரம் அடர்ந்த காடு, பெரும்பாலும் 100 கஜத்துக்குள் முடிந்துவிடும் விஷயம். மற்ற மாதங்களில் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், காகித இலக்கு. கீழே வருவதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து எழுதுவது.

எதையும் தொடங்கும் முன்

ரைஃபிளைக் காலி செய்யுங்கள். போல்ட்டைத் திறந்து தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் பலவற்றுக்குத் தோட்டாவே வேண்டாம்.

அப்புறம் கண்ணருகே இருக்கும் லென்ஸின் ஃபோகஸ். இதைச் செட் பண்ணாமலே பல வருடம் சுட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கோப்பை வெளிர் வானத்தை நோக்கிப் பிடியுங்கள், சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். ஒரு நொடி மட்டும் உள்ளே பாருங்கள். குறுக்குக்கோடு பார்த்த மாத்திரத்தில் கூர்மையாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கண்ணை எடுத்து, பின் லென்ஸைக் கொஞ்சம் திருகி, தூரத்தில் எதையாவது சில நொடி பார்த்துவிட்டு மறுபடி பாருங்கள். தொடர்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே திருகினால் கண் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றிவிடும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடேயே செய்ய வேண்டும். "கண்ணாடி லென்ஸ் தரமில்லை, படம் மங்கல்" என்ற புகாரில் கணிசமானது இந்த ஐந்து நிமிடத்தில் தீரும்.

"மான் கண்ணுக்குத் தெரிகிறது, ஸ்கோப்பில் காணோம்"

இதில் நான் சொந்தமாக அடிபட்டவன். ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் காகிதத்தில் ஓட்டைகளை எண்ணுவதைப் பார்த்து ஆசைப்பட்டு, என் முதல் ஸ்கோப்பாக 6-24×50 வாங்கினேன். அதே ரைஃபிளைக் காட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். 40 கஜத்தில் ஒரு கிடா மான் நடந்து வந்தது. ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் பழுப்பு நிறம் மட்டும். அது மானா, ஓக் மரப்பட்டையா என்று தெரியவில்லை. தலையைத் தூக்கி வெறுங்கண்ணால் பார்த்து, மறுபடி ஸ்கோப்பில் தேடி, மறுபடி தலையைத் தூக்கி... மூன்றாம் முறை தூக்கியபோது அது வாலின் வெள்ளையைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. ஜூமை மாற்றும் வளையம் ரேஞ்சில் வைத்தபடி 24-லேயே நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

கணக்கைப் பாருங்கள். 3 மடங்கில் ஒரு சாதாரண 3-9 ஸ்கோப் 100 கஜத்தில் ஏறக்குறைய 33 அடி அகலத்தைக் காட்டும். 9 மடங்கில் அது 13, 14 அடியாகச் சுருங்கும். 24 மடங்கில் ஐந்தடி கூட வராது. தூரம் குறையக் குறைய இந்த அகலமும் அதே விகிதத்தில் குறையும். ஆக 40 கஜத்தில், 24 மடங்கில், எனக்குத் தெரிந்தது ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். அந்த முழத்துக்குள் மானின் எந்தப் பாகம் என்று எப்படிச் சொல்வது?

முதல் தீர்வு காசில்லாதது. நடக்கும்போதும் மரத்தில் காத்திருக்கும்போதும் வளையம் எப்போதும் கீழ் எண்ணில் இருக்கட்டும். தூரத்தில் மான் நின்றால் மேலே திருப்ப அவகாசம் கிடைக்கும். பக்கத்தில் வந்தால் கீழே திருப்ப அவகாசம் கிடைக்காது.

கீழ் எண்ணிலேயே வைத்தும் இதே தொல்லை என்றால், இரண்டு காரணங்கள்தான். ஒன்று, ரைஃபிள் தோளுக்கு வரும்போது கண் ஸ்கோப்பின் நேர்கோட்டுக்கு வரவில்லை. ஸ்கோப் உயரமாக மாட்டியிருக்கும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியாது. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முழுப் படம் தெரிய வேண்டும். தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் குறைந்த உயர ரிங் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பிடி) வேண்டும், அல்லது கன்னப்பட்டை வேண்டும். இரண்டாவது காரணம், கீழ் எண்ணே 5 அல்லது 6. அப்போது ஸ்கோப்பைத்தான் மாற்ற வேண்டும். அடர்ந்த காட்டுக்கு 2-7×33 நல்ல அளவு, கடைகளில் இப்போது அதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 30-30 லீவர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு 1-4 அல்லது 1-6 இன்னும் பொருந்தும். காடும் வயலும் கலந்த இடம் என்றால் பழைய 3-9×40-ஐ மீறி யோசிக்க வேண்டியதில்லை.

"பொழுது சாய்ந்தால் படம் இருட்டாகிவிடுகிறது"

பென்சில்வேனியாவில் மான் சுடலாம் என்று சட்டம் தரும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை. மான் நடமாடுவதும் அந்த ஓரங்களில்தான். அதனால் இது சின்னத் தொல்லை இல்லை.

முன் லென்ஸின் மில்லிமீட்டரை ஜூம் எண்ணால் வகுத்துப் பாருங்கள். வருவது ஸ்கோப்பின் பின்பக்கம் வெளியேறும் ஒளிவட்டத்தின் விட்டம். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2.1. அரையிருட்டில் நம் கண்மணி 5 முதல் 7 மி.மீ. வரை விரியும், வயதானால் அவ்வளவு விரியாது. கண்மணி 6 மி.மீ. விரிந்து காத்திருக்கும்போது 2 மி.மீ. ஒளியை ஊட்டினால் படம் இருட்டாகத்தான் இருக்கும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாக இருந்தாலும் இந்த வகுத்தல் மாறாது.

ஆகவே இருட்டும்போது ஜூமைக் குறையுங்கள். 40 மி.மீ. லென்ஸுக்கு 6, 7 மடங்கு. அங்கே கிட்டத்தட்ட 6 மி.மீ. ஒளிவட்டம் கிடைக்கும். இருட்டில் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்து வளையத்தை மேலே திருப்புவது இயல்பான தவறு. நானும் செய்வேன், விரல் தானாகப் போகும்.

குறைத்தும் இருட்டாகவே இருந்தால்தான் லென்ஸ் பூச்சின் தரத்தைச் சந்தேகிக்கலாம். 56 மி.மீ. முன் லென்ஸ் இதற்கு இன்னொரு வழி. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் இரவில் உயரமான பரணில் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள் 8×56 வைத்திருப்பதன் காரணம் அதுதான், வகுத்தால் 7. நடந்து திரிபவருக்கு அந்தக் கனமும், அதற்காக உயர்த்த வேண்டிய ரிங்கும் கட்டுப்படியாகாது.

"மேல் எண்ணுக்குப் போனால் கறுப்பு வளையம் சுற்றுகிறது" அல்லது "புருவம் கிழிந்தது"

இரண்டும் ஒரே இடத்துத் தொல்லை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே உள்ள தூரம். வழக்கமான வேட்டை ஸ்கோப்புக்கு இது மூன்றரை, நான்கு அங்குலம். பல ஸ்கோப்புகளில் ஜூம் ஏற ஏற அது குறையும். ஒளிவட்டமும் சிறுத்துவிடுவதால், கண்ணை வைக்கக் கிடைக்கும் இடமும் சுருங்கிவிடும். 3 மடங்கில் 13 மி.மீ. வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் கண்ணை வைக்கலாம். 24 மடங்கில் 2 மி.மீ. வட்டத்தைக் கண்மணியால் தேடிப் பிடிக்க வேண்டும்.

மாட்டும்போது கீழ் எண்ணில் வைத்துத் தூரத்தைத் தீர்மானிப்பதால் வரும் வினை இது. மேல் எண்ணில் வைத்து, ரிங் திருகுகளைத் தளர்த்தி, ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, முழுப் படம் தெரியும் வரம்பில் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அங்கே நிறுத்துங்கள். உட்கார்ந்தும் படுத்தும் பாருங்கள். படுத்தால் தலை முன்னால் தவழும், புருவம் கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். குளிர்கோட்டு போட்டுக்கொண்டும் பாருங்கள்.

1-8, 3-18 போல் கீழிருந்து மேலுக்கு ஆறு, எட்டு மடங்கு தாவும் ஸ்கோப்புகளில், விலை குறைந்தவை மேல் எண்ணில் இந்த விஷயத்தில் ரொம்பவே முரண்டு பிடிக்கும். குறைந்த பட்ஜெட் என்றால் 3-9, 4-12 போல் மூன்று மடங்குத் தாவலோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அதே காசு அங்கே நல்ல லென்ஸாகக் கிடைக்கும்.

"300 கஜக் குறியை வைத்துச் சுட்டேன், முதுகுக்கு மேலே போனது"

ரெட்டிகிளில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) கீழே கீழே கோடுகள் போட்டு 200, 300, 400 கஜம் என்று விற்கும் ஸ்கோப்புகளில் இது அடிக்கடி வரும். துப்பாக்கியைக் குறை சொல்லுமுன் வளையம் எந்த எண்ணில் இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

ரெட்டிகிள் ஸ்கோப்புக்குள் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். ஜூம் பண்ணும் லென்ஸ்களுக்குப் பின்னால் இருந்தால், அதை இரண்டாம் தளம் என்போம், படம் மட்டும் பெரிதாகிச் சிறிதாகும், கோடு அப்படியே இருக்கும். முன்னால் இருந்தால் முதல் தளம், கோடும் படத்தோடு சேர்ந்து வளரும், சுருங்கும். அமெரிக்க வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் தளம். அவற்றில் அந்தக் கீழ்க்குறிகள் ஒரே ஒரு ஜூமில்தான், வழக்கமாக மேல் எண்ணில்தான், உண்மை பேசும்.

ஒரு 3-9 ஸ்கோப்பின் 300 கஜக் குறி, 9 மடங்கில் நடுப்புள்ளியிலிருந்து 4.5 எம்.ஓ.ஏ. (கோண அளவு, ஒரு எம்.ஓ.ஏ. 100 கஜத்தில் சுமார் ஒரு அங்குலம்) கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 300 கஜத்தில் அது 14 அங்குலம். 100 கஜத்துக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த, 308 ரகத் தோட்டா அங்கே விழும் அளவும் சுமாராக அதுதான், சரியாகப் பொருந்தும். இப்போது வளையத்தை 4.5-க்குத் திருப்பினால் அதே குறி 9 எம்.ஓ.ஏ., அதாவது 28 அங்குலம் ஆகிவிடும். நீங்கள் 14 அங்குலம் கூடுதலாக உயர்த்திச் சுட்டிருக்கிறீர்கள். மார்பின் நடுவைக் குறிவைத்தாலும் தோட்டா முதுகைத் தாண்டிவிடும்.

சரிசெய்ய, கீழ்க்குறியைப் பயன்படுத்தும்போதெல்லாம் மேல் எண் என்று பழக்கப்படுத்திக்கொள்ளலாம். 3-9-இல் இது சுலபம். 6-24-இல் கஷ்டம், ஏனென்றால் 24-இல் வைத்துச் சுடக்கூடிய சூழ்நிலை வேட்டையில் அபூர்வம். எந்த ஜூமிலும் குறி உண்மையாக இருக்க வேண்டும் என்றால் முதல் தளம் வாங்க வேண்டும்.

ஆனால் முதல் தளத்தின் நோய் வேறு. 5-25 ஸ்கோப்பை 5-இல் வைத்து அந்தியில் காட்டுக்குள் பாருங்கள், குறுக்குக்கோடு சிலந்தி இழை போல் மெலிந்து மரக்கிளைகளுக்குள் காணாமல் போகும். (பழைய காலத்தில் நிஜமாகவே சிலந்தி இழையில்தான் கோடு போட்டார்கள், அது வேறு கதை.) நடுவில் விளக்கு எரியும் ரெட்டிகிள் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். காட்டு மான் வேட்டைக்கு, ஓரங்களில் தடித்து நடுவில் மெலிந்த கோடு உள்ள இரண்டாம் தளமே எனக்குப் பிடித்தது. 1960-களில் லியுபோல்ட் நிறுவனம் டூப்ளெக்ஸ் என்ற பெயரில் பிரபலமாக்கிய அந்தக் கோட்டைத்தான் இன்றும் எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் போடுகிறார்கள். 200 கஜத்துக்குள் சுடுபவருக்குக் கீழ்க்குறியே வேண்டாம்.

"மத்தியானத்தில் இலக்கு கொதிக்கிற மாதிரி இருக்கிறது"

கானல். ஸ்கோப்புக்கு ஒன்றுமில்லை. ஜூம் கூடக் கூடக் கானலும் பெரிதாகும். 12 அல்லது 15 மடங்குக்கு இறக்கிப் பாருங்கள், காகிதம் அமைதியாகிவிடும். பத்துத் தோட்டா சுட்ட பிறகு மட்டும் அலையடித்தால், அது சூடான குழலில் இருந்து எழும் காற்று. ஆறவிடுங்கள், அல்லது குழல் மேல் பட்டை கட்டுங்கள்.

இந்த இடத்தில் மேல் எண் ஆசைக்காரர்களுக்கு ஒரு தகவல். 1988-இல் அமெரிக்க ராணுவம் ஸ்னைப்பர்களுக்குக் கொடுத்த எம்24 ரைஃபிளில் இருந்தது ஜூமே இல்லாத 10 மடங்கு லியுபோல்ட். 800 மீட்டர் வரை அதை வைத்துத்தான் வேலை. அதற்கு முன் வியட்நாமில் மரைன் படையின் எம்40-இல் இருந்தது ரெட்ஃபீல்டின் 3-9. நமக்கு 150 கஜத்தில் மான் சுட 24 வேண்டுமாம்.

காகிதத்தில் சின்ன ஓட்டையைப் பார்க்க வேண்டும், போட்டியில் சுடுகிறேன் என்பவர்களுக்கு 6-24, 5-25 நியாயமான தேவை. வயோமிங் புல்வெளியில் 250 கஜத்தில் பிராங்ஹார்ன் (மான் போன்ற விலங்கு) சுடப் போகிறவருக்கு 4-12 அல்லது 3-15. அங்கே மறைய மரமில்லை, படுத்து நிதானமாகச் சுடலாம், கீழ் எண் 4 இருந்தாலும் தொல்லையில்லை.

"கொம்பு எண்ண முடியவில்லை, அதற்காகத்தான் பெரிய ஜூம்"

பென்சில்வேனியாவின் பெரும்பகுதியில் பெரியவர்கள் சுடும் கிடாவுக்கு ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது 3 கிளை இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் எண்ண வேண்டியிருக்கிறது. அதற்கு 8×42 பைனாகுலர் வாங்குங்கள். ரைஃபிள் ஸ்கோப்பால் காட்டைத் துழாவுவது என்றால், எது என்று தெரியாத ஒன்றின் மீது துப்பாக்கி வாயைத் திருப்புகிறீர்கள் என்று அர்த்தம். புதருக்குப் பின்னால் இருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

"வளையத்தைத் திருப்பினால் குறியே இடம் மாறுகிறது"

ரைஃபிளை மேசையில் அசையாமல் பிணைத்து, காலியாக, கோட்டை ஒரு புள்ளியில் வைத்து, வளையத்தை மெதுவாகக் கீழிருந்து மேல் வரை திருப்புங்கள். கோடு புள்ளியை விட்டு ஊர்ந்தால் ஸ்கோப்பின் உள்ளமைப்பில் கோளாறு. இரண்டாம் தள ஸ்கோப்பில்தான் இது தெரியும், அதிலும் மலிவானவற்றில். அசையவில்லை, ஆனால் சுட்டால் மட்டும் மாறுகிறது என்றால் ரிங் திருகையும், மவுண்ட் திருகையும் முறுக்குக் குறட்டால் சோதியுங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி திருகுதான்.

"டரட் முட்டிக்கொண்டது, இன்னும் உயர்த்த வேண்டும்"

டரட் என்பது குறியை மேல்கீழ் நகர்த்தும் குமிழ். ஒரு அங்குலக் குழாய் உள்ள 3-9-இல் மேல்கீழ் மொத்தம் 50, 60 எம்.ஓ.ஏ. இருக்கும், நடுவிலிருந்து பார்த்தால் பாதி. 308-ஐ வைத்து 1000 கஜம் போக 100 கஜ ஜீரோவுக்கு மேல் 35, 40 எம்.ஓ.ஏ. வேண்டும். கணக்கு உதைக்கிறது. ஸ்கோப்புக்கு அடியில் 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள பட்டையை மாட்டினால் பெரும்பாலும் தீரும். அதுவும் போதாவிட்டால் 30 அல்லது 34 மி.மீ. குழாயுள்ள ஸ்கோப். அப்போது எடை கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தொடும், 3-9-இன் எடை அதில் பாதிக்கும் குறைவு.

"தலையை அசைத்தால் கோடு இலக்கில் நகர்கிறது"

பாரலாக்ஸ். சாதாரண வேட்டை ஸ்கோப்புகளை 100 கஜத்துக்கு என்று தொழிற்சாலையிலேயே செட் செய்துவிடுவார்கள். வேறு தூரத்தில் கண் நடுவில் இல்லாவிட்டால் பிழை வரும். 40 மி.மீ. லென்ஸுக்கு 200 கஜத்தில் அந்தப் பிழை, மிக மோசமான நிலையில், 2 செ.மீ. மானுக்கு இது பொருட்டே இல்லை. அதனால் 9 மடங்கு வரையுள்ள ஸ்கோப்பில் இதைச் சரிசெய்யும் பக்கவாட்டுக் குமிழ் இல்லையே என்று வருந்த வேண்டாம். 12-க்கு மேல் போனால் அந்தக் குமிழ் அவசியம், அது இல்லாமல் கிட்டத்து இலக்கு மங்கலாகவே இருக்கும். குமிழில் எழுதியிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள், தலையை அசைத்தும் கோடு அசையாத இடம் வரும் வரை திருப்புங்கள்.

நம் ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்த அறிகுறிதான் அதிகம் வரும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையை முடித்துவிட்டன. மிச்சமிருப்பது 0.177 அங்குலக் காற்றுத் துப்பாக்கியும் தகர டப்பாவும். (10 மீட்டர் ஒலிம்பிக் போட்டிக்குப் பயிற்சி என்றால் ஸ்கோப்பை மறந்துவிடுங்கள், அங்கே அனுமதியில்லை.) 100 கஜத்துக்குச் செட் செய்த 3-9×40-ஐ 10 மீட்டரில் வைத்துப் பார்த்தால் படமும் மங்கும், பிழையும் 1.8 செ.மீ. வரை போகும். டப்பா மூடியையே தவறவிட அது போதும். 10 மீட்டருக்கும் கீழே வரை ஃபோகஸ் இறங்கும் 3-9 அல்லது 4-12 என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கி என்றால், காற்றுத் துப்பாக்கிக்குத் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறாரா என்றும் பாருங்கள். தோட்டா ரைஃபிள் பின்பக்கம் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னால் வெட்டி இழுக்கும். 30-06 ரைஃபிளில் வருடக்கணக்கில் நின்ற ஸ்கோப்பு கூட அந்த முன்வெட்டில் சில நூறு குண்டுகளிலேயே தளர்ந்துபோகலாம். முதலில் ஜீரோ நிற்காது, அப்புறம் கோடு சாயும். காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவோ உருளும் சத்தம் கேட்டால் திருகு, ரிங் எதையும் தொட வேண்டாம், உத்தரவாதச் சீட்டைத் தேடுங்கள்.